மூன்று கிணறு பார்த்த ஆதன்

கேளுங்கள். சின்னவர்களும் கேளுங்கள், பெரியவர்களும் கேளுங்கள். கிணறு என்றால் மனிதன் கையால் வெட்டியது, தண்ணீர் என்றால் மனிதன் தோளால் இறைத்தது என்று இருந்த காலம் ஒன்று உண்டு. அந்தக் காலத்தில், மழை குறைந்த ஒரு நாட்டில், ஆதன் என்று ஒருவன் இருந்தான். தண்ணீர் பார்ப்பது அவன் தொழில்.

நிலம் வாங்கப் போகிறவன் முதலில் ஆதனைத்தான் அழைத்துப் போவான். ஆதன் நிலத்தைச் சுற்றி நடப்பான். புற்று எங்கே எழும்பியிருக்கிறது, நாவல் மரம் எந்தப் பக்கம் தழைத்திருக்கிறது, உச்சி வெயிலில் மாடு எங்கே போய்ப் படுக்கிறது என்று பார்ப்பான். கிணறு இருந்தால் இறைத்துப் பார்ப்பான், காய்ச்சிப் பார்ப்பான், குடித்துப் பார்ப்பான். பிறகு கிணற்றுச் சுவரில் வலது கையை ஊன்றிக்கொண்டு, கண்டதைச் சொல்வான்.

அவன் சொன்னால் சொன்னதுதான். அந்தச் சொல்லை நம்பி ஊர்கள் குடியேறின, ஊர்கள் இடம் மாறின. முப்பது வருடத்தில் ஒரு சொல்கூடப் பிசகியதில்லை.

ஆனால் ஐம்பது வயதில் ஆதனுக்குக் கால் வலிக்கத் தொடங்கியது. ஒவ்வொரு காடாக நடந்து, ஒவ்வொருவர் வீட்டிலும் கைநனைத்து, மறுநாள் மறுபடி நடக்கிற பிழைப்பு அலுத்துப்போனது. இத்தனை தெரிந்தவனுக்கு உட்கார ஓர் இடம் இல்லையே என்ற எண்ணம் மனத்தில் ஒரு மூலையில் கிடந்து அரித்தது.

அந்த வருடம் ஓர் ஆறு திசை மாறி ஒரு நெசவாளர் ஊரை விழுங்கிவிட்டது. தப்பியவர்கள் இருபத்தேழு குடும்பம். தறிக்கட்டைகளைத் தலையில் சுமந்துகொண்டு வெயிலில் நடந்தார்கள், மழையில் நடந்தார்கள், பனியில் நடந்தார்கள். எந்த ஊரும் அவர்களுக்கு இடம் தரவில்லை.

அவர்களை நடத்திக்கொண்டு வந்தவள் வெண்ணி என்ற பெண். கணவனை ஆற்றில் பறிகொடுத்தவள். அவளுடைய தங்கை செவ்வி மருத்துவச்சி. வழியில் இரண்டு பெண்களுக்குப் பேறுகாலம் வந்தது. மரத்தடியில் சேலையைத் திரையாகக் கட்டி, இரண்டு குழந்தைகளையும் பழுதில்லாமல் எடுத்துக் கொடுத்தாள் செவ்வி. அக்காள் வழி காட்டினாள், தங்கை உயிர் காத்தாள். அந்தக் கூட்டத்துக்கு அந்த இருவரும்தான் தாய்.

கடைசியில் கோடன் என்ற நிலக்கிழான் அவர்களை நிறுத்தினான். மலையடிவாரத்தில் அவனுக்கு விரிந்த நிலம் இருந்தது. "இங்கேயே இருந்துகொள்ளுங்கள். வருடம் தவறாமல் எனக்குத் துணி நெய்து தந்தால் போதும். நிலத்தில் மூன்று கிணறு இருக்கிறது," என்றான்.

வெண்ணி உடனே தலையாட்டவில்லை. "தண்ணீர் பார்க்காமல் நாங்கள் தறி இறக்க மாட்டோம்," என்று சொல்லி, ஆதனுக்கு ஆள் அனுப்பினாள்.

ஆதன் வந்தான். மூன்று கிணற்றையும் பார்த்தான்.

தெற்குக் கிணற்றில் ஏற்றம் வைத்து அடி தெரியும் வரை இறைக்கச் சொன்னான். மறுநாள் காலையில் எட்டிப் பார்த்தால் முழங்கால் அளவுதான் ஊறியிருந்தது. சுவரில் கை ஊன்றிச் சொன்னான்: "ஊற்று மெலிந்தது. இருபத்தேழு குடும்பத்துக்கு இது காணாது." கோடனின் முகம் சுருங்கியது. ஆதன் அதைப் பொருட்படுத்தவில்லை.

மேற்குக் கிணற்றில் தண்ணீர் தளும்பியது. ஆதன் அதில் ஒரு சட்டி மொண்டு, வற்றும் வரை காய்ச்சினான். சட்டியின் அடியில் வெள்ளையாய் ஓடு படிந்தது. பருப்பு போட்டு அரைநாள் எரித்தான். பருப்பு கூழாங்கல்லாகவே கிடந்தது. சுவரில் கை ஊன்றிச் சொன்னான்: "உப்பு. குடிக்கவும் ஆகாது, சாயத்துக்கும் ஆகாது." கோடன் பல்லைக் கடித்தான். ஆதன் அதையும் பொருட்படுத்தவில்லை.

மூன்றாவது, வடக்குக் கிணறு. பாறை மலையின் காலடியில் இருந்தது. மூன்று ஆள் மாறி மாறிப் பொழுது சாயும் வரை இறைத்தார்கள். இறைக்கும் முன்பே ஆதன் நீர்மட்டத்தில் கரியால் ஒரு கோடு போட்டு வைத்திருந்தான். விடிந்து பார்த்தால் தண்ணீர் அந்தக் கோட்டைத் தொட்டுக்கொண்டு நின்றது. காய்ச்சினால் சட்டியில் தூசு போலத்தான் மிஞ்சியது. பருப்பு ஒரு கொதியில் மலர்ந்தது. சாய நூலை முக்கி எடுத்தால் சிவப்பு அப்படியே பிடித்தது. ஒரு கை அள்ளிக் குடித்தான். தித்தித்தது.

நெசவாளர்கள் ஓடி வந்து குடித்தார்கள். ஒருவர் மேல் ஒருவர் தெளித்துக்கொண்டார்கள். ஆறு ஊரை விழுங்கிய நாளிலிருந்து அந்தக் கூட்டத்தில் சிரிப்பு கேட்டதில்லை. அன்றைக்குக் கேட்டது. ஆதனும் சிரித்தான்.

சிரித்துக்கொண்டே திரும்பினவன் ஒரு காவல்காரனைப் பார்த்தான்.

கிணற்றுத் தோட்டத்துக் காவல்காரன். ஒரு மாட்டைப் பிடித்துக்கொண்டு வந்தான். மாட்டின் முழங்கால்கள் முண்டும் முடிச்சுமாக வீங்கியிருந்தன. ஆதன் கூப்பிட்டபோது அவன் கழுத்தைத் திருப்பவில்லை. உடம்பு முழுவதையும் திருப்பிக்கொண்டு பார்த்தான். வாயைத் திறந்தபோது பல்லெல்லாம் பழுப்புக் கோடு.

"எத்தனை வருடமாக இந்தத் தண்ணீரைக் குடிக்கிறீர், பெரியவரே?" என்று கேட்டான் ஆதன்.

"பிறந்ததிலிருந்து, சாமி."

"உமக்கு என்ன வயது?"

"நாற்பத்திரண்டு."

ஆதன் அவனை எழுபது என்று நினைத்திருந்தான்.

சிரிப்பு நின்றுவிட்டது. ஆதனுக்குப் பழையது ஒன்று நினைவுக்கு வந்தது. இருபது வருடத்துக்கு முன்னால், இதே போல் ஒரு பாறை மலை, இதே போல் தித்திக்கும் தண்ணீர். அந்த ஊரில் நிமிர்ந்து நடந்தவர்கள் வெளியூரிலிருந்து மணமாகி வந்த பெண்கள் மட்டும்தான். அவர்களும் பத்து வருடத்தில் குனிந்தார்கள். எலும்பை வளைக்கும் நீர் அது. நாக்குக்குத் தெரியாது, கண்ணுக்குத் தெரியாது, சட்டியிலும் மிஞ்சாது. குடித்தவர்களின் உடம்பில்தான் தெரியும்.

அப்போது கோடனின் வீட்டுக்குப் போகும் பாதையில் நான்கு கழுதைகள் போயின. முதுகில் தோல் பைகள், பைகளில் தண்ணீர். இரண்டு காதம் தள்ளி ஓடும் ஓடையிலிருந்து வருகிறது என்று கழுதைக்காரன் சொன்னான்.

கோடனுக்கும் தெரியும் என்று ஆதனுக்குப் புரிந்தது.

ஆதன் பார்த்ததைக் கோடனும் பார்த்துவிட்டான். அருகில் வந்து, தணிந்த குரலில் பேசினான்.

"ஆதனாரே, இரண்டு கிணற்றைக் கழித்துவிட்டீர். நான் ஒன்றும் சொன்னேனா? அடுத்த மாதம் அரசர் இந்தப் பக்கம் வருகிறார். நாட்டு நீருக்கெல்லாம் ஓர் அதிகாரி வேண்டும் என்று தேடிக்கொண்டிருக்கிறார். என் சொல்லை அவர் தட்டமாட்டார்."

ஆதன் கழுதைகள் போன பாதையைப் பார்த்தான்.

"பொய் சொல்லச் சொல்லி நான் உம்மைக் கேட்கவில்லை. அவர்கள் கேட்டதற்குப் பதில் சொல்லும். கேட்காததை எதற்கு எடுத்துப் போடுகிறீர்? இதையும் கழித்தால் மறுபடி அவர்கள் நடக்க வேண்டும். அந்தக் கைக்குழந்தைகளைப் பாரும். இன்னொரு கோடையைத் தாங்குமா? இரக்கம் என்று ஒன்று இல்லையா உமக்கு?"

இரக்கம் என்ற சொல்லை ஆதன் பிடித்துக்கொண்டான். பிடித்துக்கொள்ள அவனுக்கு ஏதாவது ஒன்று வேண்டியிருந்தது.

வெண்ணி வந்தாள். கிணற்றடியில் நின்று, இருபத்தேழு குடும்பத்தின் முன்னால் கேட்டாள்.

"ஐயா, இந்தக் கிணறு வற்றுமா?"

ஆதன் சுவரில் கையை ஊன்றினான். "வற்றாது."

"உப்பு உண்டா?"

"இல்லை."

"சோறு பொங்க, சாயம் காய்ச்ச, ஆகுமா?"

"ஆகும்."

மூன்றும் உண்மை. மூன்றையும் சொல்லிவிட்டு ஆதன் கையை எடுக்கப் போனான்.

வெண்ணி நகரவில்லை. "ஐயா, எங்களுக்குத் தறி தெரியும், நூல் தெரியும், சாயம் தெரியும். தண்ணீர் தெரியாது. நாங்கள் கேட்கத் தெரியாமல் விட்டது ஏதாவது இருந்தால், நீங்களே சொல்லிவிடுங்கள்," என்றாள்.

கேட்கிறீர்களா? எந்த மனிதனாலும் இதைவிடத் தெளிவாகக் கேள்வி வைக்க முடியாது.

ஆதன் அவள் முகத்தைப் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்தான். "கேட்க வேண்டியதை எல்லாம் கேட்டுவிட்டாய், அம்மா," என்றான்.

வெண்ணி கும்பிட்டாள். அவளுக்குப் பின்னால் இருபத்தேழு குடும்பமும் கும்பிட்டது. அன்றைக்கே தறிகளை இறக்கினார்கள்.

மறு மாதம் அரசர் வந்தார். ஆதன் அதிகாரியானான். நடந்த கால்கள் பல்லக்கில் நீண்டன. வெயில் பட்ட தலைக்கு மேல் குடை விரிந்தது. வீட்டில் உட்கார ஓர் ஆசனமும் வந்தது.

பன்னிரண்டு வருடம் போயிற்று. இந்தப் பன்னிரண்டு வருடத்தில் ஆதன் நாடு முழுவதும் சுற்றினான், வடக்கே அந்த மலைப்பக்கம் மட்டும் போகவில்லை. ஒரு முறை மழை என்றான். ஒரு முறை காய்ச்சல் என்றான். ஒரு முறை பல்லக்குச் சுமப்பவர்களுக்குக் கால் சரியில்லை என்றான். தண்ணீர் குடிக்க எடுக்கும்போதெல்லாம் அந்தக் காவல்காரனின் கழுத்து நினைவில் திரும்பியது. எல்லோருக்கும் அப்படி ஆகிவிடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு குடித்து முடிப்பான்.

பிறகு அரசரிடமிருந்து ஓலை வந்தது. "கோடன் வீட்டிலிருந்து அரண்மனைக்கு வந்துகொண்டிருந்த மலையடி நெசவாளர் துணி நின்றுபோய்விட்டது. கிணறு வற்றிவிட்டதா என்று நேரில் போய்ப் பார்த்து வரவும்."

இந்த முறை சாக்குச் சொல்ல வழியில்லை.

ஆதன் போய் இறங்கியபோது உச்சிப்பொழுது. முதலில் கிணற்றைத்தான் எட்டிப் பார்த்தான். தண்ணீர் தளதளவென்று நிரம்பி நின்றது. அவன் சொன்ன மூன்றும் அப்படியே இருந்தன.

பல்லக்கு வந்தால் எந்த ஊரிலும் பிள்ளைகள் ஓடி வருவார்கள். இங்கே ஓடி வரவில்லை. முழங்காலும் முழங்காலும் இடிபட, ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு அசைந்து அசைந்து வந்தார்கள். பல்லக்கைப் பார்த்துச் சிரித்தார்கள். எல்லாப் பல்லிலும் பழுப்புக் கோடு. தறிக்குழிகள் வெறுமையாகக் கிடந்தன. குழிக்குள் காலை மடக்கி இறங்க ஆண்களால் முடியவில்லை. இறங்கியவர்களால் ஏற முடியவில்லை.

வெண்ணி வந்தாள். யாரோ பல்லக்கைக் காட்டியதும், கழுத்தைத் திருப்பாமல் உடம்பு முழுவதையும் திருப்பிக்கொண்டு ஆதனைப் பார்த்தாள்.

"வாருங்கள், ஐயா," என்றாள். அவள் குரலில் பழைய மரியாதை குறையவில்லை. "தண்ணீரில் ஒரு குறையும் இல்லை. நீங்கள் சொன்னபடியே இருக்கிறது. குறை எங்களிடம்தான். என்ன பாவம் என்று தெரியவில்லை."

"என்ன நடந்தது?" என்று கேட்டான் ஆதன். நடந்தது கண் முன்னால் நின்றுகொண்டிருந்தது. ஆனாலும் கேட்டான்.

"பிள்ளைகள் நடக்கத் தொடங்கியதும் கால் வளைந்தது. ஒரு பிள்ளை, இரண்டு பிள்ளை என்றால் விதி என்று இருந்திருப்போம். எல்லாப் பிள்ளையும் வளைந்தது. எல்லாப் பிள்ளையையும் பிடித்தெடுத்த கை ஒரே கை. என் தங்கை செவ்வியின் கை. அவள் கையில்தான் தோஷம் என்று ஊர் சொன்னது."

வெண்ணி மேலே சொன்னாள்.

"அவள் அழவில்லை. 'அக்கா, வழியில் மரத்தடியில் எடுத்த இரண்டு பிள்ளையும் இங்கே வரும் வரை நன்றாகத்தானே இருந்தது' என்று மட்டும் என்னிடம் கேட்டாள். ஊர்க்கூட்டத்தில் தீர்ப்புச் சொல்ல வேண்டியவள் நான். தங்கை என்று பார்த்தால் ஊர் என்னை நம்பாது. போ என்று சொன்னேன். கட்டிய சேலையோடு, மருந்துப் பையோடு, தெற்குப் பாதையில் போனாள். கோடைக்காலம். பதினைந்து நாள் கழித்து ஆட்டுக்காரர்கள் அந்தப் பையை மட்டும் கொண்டுவந்து கொடுத்தார்கள்."

"பிறகு?"

"பிறகும் பிள்ளைகள் வளைந்தார்கள், ஐயா. அவளை அனுப்பியும் தீரவில்லை. இன்னும் யாரை அனுப்ப வேண்டும்? நீங்கள் அறிந்தவர். சொல்லுங்கள்."

ஆதன் நின்றான். பல்லக்கு பக்கத்திலேயே இருந்தது. தெய்வக்குற்றம், பரிகாரம் செய்யுங்கள் என்று சொல்லிவிட்டு ஏறிப் போயிருக்கலாம். அவர்கள் நம்பியிருப்பார்கள். அந்த நினைப்பும் அவனுக்கு வந்தது, மறைப்பானேன். வாய் திறந்தான், மூடினான். திறந்தான், மூடினான். மூன்றாம் முறை திறந்தபோது சொல் வந்துவிட்டது.

"தண்ணீர்தான், அம்மா."

"என்ன?"

"இந்தத் தண்ணீர் எலும்பை வளைக்கும். செவ்வியின் கையில் ஒன்றும் இல்லை. எல்லாம் இந்தக் கிணறுதான்."

வெண்ணி கிணற்றைப் பார்க்க உடம்பைத் திருப்பினாள். பிறகு மறுபடி அவன் பக்கம் திருப்பினாள். அதற்கு வெகு நேரம் ஆயிற்று.

"இது உங்களுக்கு எப்போது தெரியும்?"

"அன்றைக்கே தெரியும்."

"நான் கேட்டேன்."

"கேட்டாய், அம்மா."

கூட்டத்தில் ஒருவன் கல் ஒன்றை எடுத்தான். வழியில் மரத்தடியில் பிறந்த இரண்டு குழந்தைகளில் ஒருவனுடைய தகப்பன் அவன். கல்லை ஓங்க முயன்றான். தோள் எழும்பவில்லை. கல் அவன் காலடியிலேயே விழுந்தது. அவன் அதைக் குனிந்து எடுக்கவும் முடியாமல் நின்று அழுதான்.

கோடனைக் கேட்கலாம் என்றால் கோடன் இல்லை. முந்தின வருடம்தான் இறந்திருந்தான். எண்பது வயது வரை கைத்தடி இல்லாமல் நடந்து, தூக்கத்தில் போனான்.

"இனிமேல் பிறக்கிற பிள்ளைக்கு என்ன வழி?" என்று வெண்ணி கேட்டாள். வேறு எதையும் கேட்காமல் அதைத்தான் கேட்டாள்.

"மழைத்தண்ணீர்," என்றான் ஆதன். "மலைப்பாறையில் விழுகிற மழையைக் கீழே ஒரு குளம் வெட்டித் தேக்கினால் குடிக்க ஆகும். கிணற்றுத் தண்ணீர் சாயத்துக்கும் கழுவவும் மட்டும். அன்றைக்கே வெட்டியிருக்கலாம்."

"அன்றைக்கு எங்களுக்கு வெட்டக் கை இருந்தது," என்றாள் வெண்ணி.

ஆதன் பல்லக்கைத் திருப்பி அனுப்பினான். நடந்ததை எழுதி, பதவி முத்திரையையும் வைத்து அரசருக்கு அனுப்பினான். மண்வெட்டியை எடுத்தான். அரசர் ஆட்களை அனுப்பினார். இரண்டு மழைக்காலத்தில் குளம் நிறைந்தது. அதன் பிறகு பிறந்த பிள்ளைகள் நேராக நடந்தார்கள். முன்னால் வளைந்தவர்கள் நிமிரவில்லை. எலும்பு ஒரு முறை வளைந்தால் வளைந்ததுதான்.

குளம் நிறைந்த நாளில் ஆதன் வெண்ணியிடம் போய் நின்றான்.

"என்னை மன்னிக்க முடியுமா, அம்மா?"

"மன்னிக்க வேண்டியவள் தெற்குப் பாதையில் போனாள்," என்றாள் வெண்ணி. "அவளை அனுப்பியவள் நான். நானே இன்னும் அவளிடம் கேட்கவில்லை."

பிறகு அவள் கிணற்றைக் காட்டிச் சொன்னாள். "இந்தக் கிணற்றுக்கு இதுவரை பெயர் இல்லை. இனிமேல் உங்கள் பெயர்தான். பெயர் இல்லாவிட்டால் ஊர் மறந்துபோகும்."

அன்றிலிருந்து அந்தக் கிணறு ஆதனார் கிணறு ஆயிற்று. குழந்தைகள் விளையாட்டாக அதன் பக்கம் போனால், தாய்மார்கள் வாசலிலிருந்து குரல் கொடுப்பார்கள்: "அது ஆதனார் கிணறு. வாயில் வைக்காதே."

ஆதன் அந்த ஊரிலேயே இருந்தான். போக வேறு இடமும் இல்லை. இன்னும் ஒன்பது வருடம் உயிரோடு இருந்தான். தினமும் காலையில், நண்பகலில், மாலையில், தன் பெயரை அப்படிக் கேட்டுக்கொண்டே இருந்தான்.

கேட்டீர்களா? கதை இவ்வளவுதான். இதன் நீதி இது: தன்னை நம்பிக் கேட்டவர்களிடம் தெரிந்த தீங்கைச் சொல்லாமல் மறைப்பவன், அந்தத் தீங்கைத் தன் கையாலேயே செய்தவன் ஆகிறான்.